வாணரின் மூன்றாவது பீப்பாய்

ஆற்றங்கரையூரில் மங்கையர்க்கரசி அம்மாள் வீட்டை எல்லோரும் மடம் என்பார்கள். காவியும் கமண்டலமும் தேடிப் போய்விடாதீர்கள். அங்கே இருப்பது பார்லியும் பீப்பாயும்தான். அம்மாளுக்கு நாற்பது வயது. வீட்டிலேயே பீர் காய்ச்சுவதில் அவர் குரு.

சீடருக்கு வயது அறுபத்துமூன்று. பெயர் பொன்னம்பலவாணர். பக்கத்து டவுனில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருஷம் பிறத்தியார் தப்பைச் சிவப்பு மையில் சுழித்த மனுஷன், இங்கே வந்து இரண்டு முறை ஃபெயில்.

இரண்டு முறையும் குரு ஒரு வாய் குடித்தார், முகத்தைச் சுளித்தார், மிச்சத்தைத் தென்னைமரத்துக்கு ஊற்றினார்.

"தப்பு எதில அம்மா?"

"தண்ணியில."

"முதல்ல மழைத் தண்ணி பிடிச்சேன். அப்புறம் மலை ஏறிச் சுனைத் தண்ணி கொண்டாந்தேன். வேற எதுதான் நல்ல தண்ணி?"

"உங்க வீட்டுக் குழாய்த் தண்ணியே போதும். ஒருநாள் திறந்து வெச்சு, மருந்து வாசம் போனதும் கொதிக்கவெச்சு ஆறவிடுங்க. இதுவும் கெட்டுதுன்னா வீட்டிலயே உட்கார்ந்து பேப்பர் படிங்க."

வாணருக்குப் பகீரென்றது. ஓய்வு பெற்றதிலிருந்து பேப்பர்தானே படித்துக்கொண்டிருந்தார்! வரி விளம்பரம் உட்பட, ஒருநாளைக்கு மூன்று தடவை. மறுபடி அந்த நாற்காலியா?

குழாய்த் தண்ணீரை ஒருநாள் முழுக்கத் திறந்து வைத்தார். மணிக்கொரு தரம் மோந்து பார்த்தார். வழக்கம்போல மனைவி கோமதியிடம் காய்ச்சக் கொடுத்தார். அதில் போட்ட பீரை மூன்று வாரம் கழித்து வீட்டில் எல்லோரும் ருசி பார்த்து, பிரமாதம் என்றார்கள்.

பீப்பாய் மடத்துக்கு வந்தது. குரு ஒரு வாய் குடித்தார்.

"ரசம்," என்றார்.

"ரசமா!"

"இதுக்கு எடுத்த தண்ணி இருக்கா?"

வழியில் குடிக்க வாணர் பாட்டிலில் கொண்டுவந்திருந்ததும் கோமதி காய்ச்சிய தண்ணீர்தான்.

"குடிச்சுப் பாருங்க. எப்படி இருக்கு?"

"தண்ணி மாதிரி இருக்கு."

அந்த நேரம் பார்த்து கேஸ் சிலிண்டர் போட வந்தான் உள்ளூர்க்காரன் செல்லமுத்து. குரு பாட்டிலை நீட்டினார். வேர்த்து விறுவிறுத்து வந்தவன் மடக் மடக்கென்று குடித்தான்.

"யாருக்கும்மா அஜீரணம்? சீரகத் தண்ணியா வெச்சிருக்கீங்க?"

வாணர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அடிப்பாவி கோமதி! கல்யாணமான நாளிலிருந்து ஒரு பிடி சீரகம் போடாமல் அவள் தண்ணீர் காய்ச்சியதே இல்லை. மழைத் தண்ணீர், சுனைத் தண்ணீர் எல்லாமே அவள் அடுப்பில் ஏறி இறங்கித்தான் வந்தன.

"அப்போ நான் கிளம்பறேன் அம்மா." அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"இருங்க. வெறும் வாயோட போகவேண்டாம்."

குரு தன் பீரை ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். தேறாத சீடருக்கு அதைக் கண்ணில்கூடக் காட்டுவதில்லை என்பது மடத்து வழக்கம். போகிறவர் என்பதால் இந்தச் சலுகை.

வாணர் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். தலைமையாசிரியர் புருவம் தானாக மேலே போனது.

"என்ன?"

"ஒண்ணுமில்லை."

"அட, சும்மா சொல்லுங்க."

"வெட்டிவேர் வாசம் அடிக்குதே அம்மா."

"என் பீரிலயா? பன்னிரண்டு வருஷமா இந்த ஊரே குடிக்குது, ஒருத்தரும் சொன்னதில்லையே!"

"இந்த ஊர்ல எல்லார் வீட்டுப் பானையிலயும் வெட்டிவேர்தானே கிடக்கு? நான் வெளியூர்க்காரன்."

மங்கையர்க்கரசி திரும்பிச் சமையலறை மூலையைப் பார்த்தார். பார்லி ஊறவைக்கத் தினமும் மொள்ளுகிற பானையில் வெட்டிவேர்க் கட்டு ஜம்மென்று மிதந்துகொண்டிருந்தது. செல்லமுத்து காலி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு நைசாக நழுவினான்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டியபடி வாணர் செருப்பை மாட்டினார்.

"செருப்பைக் கழற்றுங்க," என்றார் குரு. "இனிமே உங்க வீட்டுத் தண்ணியை நான் குடிச்சுப் பார்க்கிறேன். என் வீட்டுத் தண்ணியை நீங்க குடிச்சுப் பாருங்க."