பச்சை ஸ்டிக்கர்

மாஸ்டருக்கு இருபத்தேழு வயசு. சிஷ்யருக்கு நாற்பத்தாறு.

மாஸ்டர் பெயர் நஸ்ரின். கோவைக்கு வெளியே இருக்கிற ரேஸ் டிராக்கில், சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கிறவர்களுக்குச் சொல்லித்தருகிறாள். சிஷ்யர் ஈஸ்வரமூர்த்தி காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கிறார். தினம் மில்லுக்குப் போகிற அதே சின்ன காரில்தான் வந்திருந்தார்.

புதுசாக வருகிறவர்களின் ஹெல்மெட்டில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். மஞ்சள் என்றால் யாரையும் முந்தக் கூடாது. மாஸ்டருக்குத் திருப்தி வந்தால் பச்சை. ஈஸ்வரமூர்த்தி வருவது இது மூணாவது தடவை. இன்னும் மஞ்சள்தான். இன்றைக்கும் பச்சை கிடைக்காவிட்டால் இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார். சொன்னால் செய்கிற ஆள்.

காலையில் கேட்டார்.

"மாஸ்டர், நேர் ரோடு முடிஞ்சு பெரிய வளைவு வருதுங்களே. அதுக்கு எங்க பிரேக் புடிக்கோணும்?"

"நீங்களே ஒரு அடையாளம் பார்த்து வெச்சுக்கங்கண்ணா."

"நீங்க சொன்னா ஒரு நிமிசத்துல முடிஞ்சுருமுங்க."

"முடிஞ்சுரும். அதான் சொல்லலை."

அவருக்கு எரிச்சல். ஆனால் ஒரு அடையாளம் பிடித்துவிட்டார். காலையில் ஓட்டிய ஆறு சுற்றும் ஒன்றைவிட ஒன்று வேகம். வளைவில் நின்று பார்த்த நஸ்ரின் தலையாட்டினாள். மத்தியானம் தயிர் சாதத்தை நின்றுகொண்டே சாப்பிட்டார். உட்கார முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மூணு மணிக்குத் திரும்ப இறங்கினார். முதல் சுற்றிலேயே கார் வளைவில் நிற்கவில்லை. தவறி வருகிற காரை நிறுத்த வளைவுக்கு வெளியே கொட்டியிருந்த ஜல்லிக்குள் நேராகப் போய், பாதி திரும்பி, புதைந்து நின்றது. டிராக்டர் கட்டி இழுத்தார்கள்.

"ஏனுங்ண்ணா, உழுதாச்சு. என்ன வெதைக்கப் போறீங்க?" என்றான் பக்கத்துக் கார்க்காரன். எல்லாரும் சிரித்தார்கள்.

போய்விடலாம் என்றுதான் நினைத்தார். சாவியைக்கூட எடுத்தார். அப்புறம் சாவியைப் பையில் போட்டுவிட்டு, துடைப்பம் வாங்கி, டயர் இடுக்கில் இருந்த ஜல்லியைத் தட்ட ஆரம்பித்தார்.

நஸ்ரின் வந்து நின்றாள்.

"காலையில புடிச்ச அதே இடத்துலதானுங்க புடிச்சேன். பிரேக்குலதான் ஏதோ கோளாறு."

"பிரேக் பார்த்தாச்சு, நல்லாத்தான் இருக்கு. எந்த இடம்? வாங்க, காட்டுங்க."

டீ இடைவேளை. டிராக்கில் வண்டி இல்லை. இருவரும் நடந்தார்கள். கொடி காட்டுகிறவர் நிற்கிற இரும்புக் கோபுரத்தின் நிழல் ரோட்டின் குறுக்கே விழுந்திருந்தது. ஈஸ்வரமூர்த்தி அங்கே நின்றார்.

"இதானுங்க. கார் மூக்கு நிழலைத் தொட்டதும் மிதிக்கறது."

நஸ்ரின் பாக்கெட்டில் இருந்து சாக்பீஸ் எடுத்து, நிழலின் ஓரத்தில் ஒரு கோடு போட்டாள். ரோட்டிலேயே உட்கார்ந்தாள்.

"உக்காருங்கண்ணா."

"நேரம் இல்லீங்களே மாஸ்டர்."

"பத்து நிமிசம்."

உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார், கடைசியில் கோட்டைப் பார்த்தார். நிழல் கோட்டை விட்டு, வளைவுப் பக்கமாக ரெண்டு அடி போயிருந்தது.

சட்டென்று எழுந்து வந்த வழியே திரும்பி நடந்தார். காலையில் நிழலுக்குப் பக்கத்தில், ரோட்டில் பள்ளத்தை அடைத்த ஒரு தார் ஒட்டு இருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. எண்ணிக்கொண்டே போனார். முப்பதாவது தப்படியில் ஒட்டு இருந்தது.

"அடச்சே!" என்றார். "நிழல் வர்றதுக்கு முந்தியே களத்துல கொப்பரையைத் தள்ளிப் போடுங்கடான்னு தெனமும் கத்தற ஆளு நானு."

நஸ்ரின் சிரிக்கவில்லை. பேன்ட்டைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"இன்னைக்கு இன்னும் அஞ்சு சுத்து பாக்கி இருக்கு. நான் பக்கத்துல உக்காந்து வர்றேன்."

தார் ஒட்டைப் பார்த்து மிதித்தார். நாலு சுற்று, நாலும் அச்சாக ஒரே மாதிரி. கார் வளைவில் ஒட்டிக்கொண்டு போனது. அஞ்சாவது சுற்று. இதுதான் கடைசி.

முன்னால் போன கார் ஓரத்து மண்ணில் இறங்கிவிட்டது. ரோடு முழுக்கப் புழுதி. ஒட்டைக் காணவில்லை. ஈஸ்வரமூர்த்தி ரொம்ப முன்னாலேயே பிரேக்கை மிதித்தார். கார் மாட்டுவண்டி மாதிரி வளைவைக் கடந்தது. பின்னாலேயே கொடி காட்டிவிட்டார்கள். முடிந்தது.

காரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினார். இறங்கவில்லை.

"நாலு சுத்து நல்லா வந்துச்சுங்க. கடைசிச் சுத்து பாழாப் போச்சு. ஒட்டு கண்ணுக்கே தெரியலீங்க மாஸ்டர்."

"தெரியலைன்னதும் என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றதுங்க? பிரேக் புடிச்சேன்."

நஸ்ரின் ஹெல்மெட்டை வாங்கினாள். மஞ்சள் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தாள். பச்சையை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திக் கொடுத்தாள்.

அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"அந்த நாலு சுத்துக்குங்களா?"

"கடைசிச் சுத்துக்குண்ணா."