பூச்சி இல்லாத அத்திப்பழம்

காட்டாற்றின் இரு கரையிலும் இரண்டு அத்திமரங்கள் எதிரும் புதிருமாக நின்றன. இந்தக் கரை மரத்தில் மரகதவல்லி என்ற மந்தி குடியிருந்தாள். அந்தக் கரை மரத்தில் மூக்காயி என்ற மந்தி குடியிருந்தாள்.

இரண்டு மரமும் ஏதோ ஒரு பறவையின் எச்சத்தில் முளைத்தவைதான். ஆனால் மரகதவல்லி அதை ஒப்புக்கொள்ள மாட்டாள்.

"அதுதான் எச்சத்துல முளைச்ச மரம். இது எங்க பாட்டன் பூட்டன் பார்த்துப் பார்த்து வளர்த்த மரம்!" என்பாள்.

பாட்டனும் பூட்டனும் அந்த மரத்தில் உட்கார்ந்து தின்றதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்பது அவள் கணவன் சடையனுக்குத் தெரியும். ஆனாலும் அவன் வாயைத் திறக்க மாட்டான். திறந்தால் அன்றைக்கு அவனுக்குப் பேன் பார்க்க ஆள் கிடைக்காது.

அவர்களுக்கு ஒரே மகள். பெயர் சிட்டு. அவளுக்கு ஒரு நல்ல இடம் அமைய வேண்டுமே என்று மரகதவல்லிக்கு ஓயாத கவலை. வெயில் அடித்தால் மகள் கறுத்துவிடுவாளே என்று கவலை. மழை பெய்தால் தரகர் வரமாட்டாரே என்று கவலை.

ஒரு நாள் தரகர் மைனா வந்து கிளையில் உட்கார்ந்தது.

"அம்மா, இனிப்பான சேதி! மலைமேல பேராயின்னு ஒரு பெரிய வீட்டுக்காரி. அவ மகன் செவலைக்கு உங்க சிட்டுவைக் கேக்கறாங்க. உங்க மரம் பழுக்கிற சமயத்துல வர்றாங்களாம்!"

மரகதவல்லிக்குத் தலைகால் புரியவில்லை. "எப்படிப்பட்ட ஆளுங்க?" என்று கேட்டாள்.

"ரொம்பச் சுத்தக்காரங்க. பழத்தைக் கழுவித்தான் தின்பாங்க. அவங்க வழக்கம் ஒண்ணு இருக்கு. பொண்ணோட அம்மா, தன் கையால மரத்துப் பழம் ஒண்ணைப் பிட்டு, எல்லார் முன்னாலயும் ஒரு வாய் தின்னு காட்டணும். மிச்சத்தைப் பொண்ணுக்கும் பையனுக்கும் ஆளுக்குப் பாதி கொடுக்கணும். தின்னாங்கன்னா நிச்சயம் முடிஞ்சுது. பழம் இல்லேன்னா சம்பந்தமும் இல்லே!"

மைனா பறந்துபோனது. 

"ஏங்க, அத்தியைப் பிட்டா உள்ளே பூச்சி இருக்குமே!" என்றாள் சடையனிடம்.

"இருக்கத்தான் இருக்கும். ஊதிவிட்டுத் தின்ன வேண்டியதுதான்" என்றான் அவன்.

"உங்களுக்கென்ன, நீங்க எதையும் தின்பீங்க! அவ்வளவு பெரிய இடத்து ஆளுங்க முன்னால நான் பழத்தைப் பிட்டு, பூச்சி பறந்து அந்தம்மா மூக்குல உக்காந்தா? என் மானம் எங்கே போகும்? இந்த வருஷம் நம்ம மரத்துல ஒரு பூச்சிகூட இருக்கக் கூடாது!"

அப்போதுதான் மரத்தின் அடிமரத்திலும் கிளைகளிலும் கொத்துக் கொத்தாகப் பச்சைப் பிஞ்சு விட்டிருந்தது. புளியங்கொட்டை அளவு. மரகதவல்லி அன்றிலிருந்து ஒரு வேப்பங்கொத்தைக் கையில் எடுத்தாள். விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரை விசிறினாள். ஈ வந்தால் அடி. எறும்பு வந்தால் தட்டு. கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று நினைத்த தட்டாம்பூச்சிக்கும் ஓர் அடி விழுந்தது.

ஒரு காலையில் எள்ளைவிடச் சிறிய கறுப்புக் குளவி ஒன்று பறந்து வந்தது. வயிறு கனத்து, இறக்கை களைத்திருந்தது. பின்னால் அதன் கூட்டமே வந்தது.

"அம்மா, இந்தப் பிஞ்சுக்குள்ளே போக விடுங்க" என்றது குளவி. "முட்டை இடணும். எனக்கு இன்னிக்கு ஒரு பொழுதுதான் ஆயுசு. அத்திப்பிஞ்சைத் தவிர எங்க சாதிக்கு வேற இடமும் இல்லே."

"என்னது, முட்டையா!" மரகதவல்லி கத்தினாள். "இது என்ன, கண்டவளும் வந்து பிள்ளை பெத்துட்டுப் போற சத்திரமா?"

"உங்க வீட்டுலயும் ஒரு பொண்ணு இருக்கே அம்மா. கொஞ்சம் மனசு வைங்க."

"என் பொண்ணையும் உன்னையும் ஒண்ணாச் சேர்த்துப் பேசறியா? அவளுக்கு மலைமேல சம்பந்தம் பேசியிருக்கு! போ அந்தப் பக்கம்!"

வேப்பங்கொத்து சுழன்றது. குளவிகள் சிதறின. அந்தக் கரையிலிருந்து மூக்காயி எட்டிப் பார்த்தாள்.

"ஏ புள்ளைங்களா, அங்கே ஏன் அடி வாங்கறீங்க? இங்கே வாங்க! மரம் நெறையப் பிஞ்சு. எந்தப் பிஞ்சுல எவ இருக்கான்னு நானா எண்ணிக்கிட்டு இருக்கப் போறேன்?"

கூட்டம் மொத்தமும் ஆற்றைத் தாண்டியது.

"பாரு, எச்சத்து மரத்துக்கு எச்ச சகவாசம்!" என்று மரகதவல்லி மகளிடம் சொன்னாள். மூக்காயி காதில் விழும்படியாகத்தான் சொன்னாள்.

"ஆமாக்கா!" என்று மூக்காயி பதில் கொடுத்தாள். "உங்க மரத்தைப் பார்த்தாலே தெரியுது. பூட்டன் தாடியால துடைச்ச மாதிரி பளபளன்னு இருக்கு!"

சடையன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான்.

மரகதவல்லி அதோடு நிற்கவில்லை. தேக்கிலைகளைப் பறித்து, ஒவ்வொரு கொத்தையும் மூடி, கொடியால் இறுக்கிக் கட்டினாள். மரம் முழுக்கப் பொட்டலம் பொட்டலமாகத் தொங்கியது. வழியில் போன கரடி ஒன்று நின்று, "என்னம்மா, மரம் வெளியூர் கிளம்புதா?" என்று கேட்டுவிட்டுப் போனது.

சிட்டுதான் பாவம். "அம்மா, ஒரே ஒரு காய் தின்னுக்கறேனே" என்பாள். "தொட்டா விரலை ஒடிப்பேன்! எல்லாம் வரப்போற சம்பந்திக்காரங்களுக்கு!" என்பாள் தாய். சிட்டு புளிய இலையைத் தின்று வயிற்றைக் கழுவினாள்.

வெயில் ஏறியது. அந்தக் கரை மரத்தில் காய்கள் திரண்டு, பருத்து, சிவக்கத் தொடங்கின. இந்தக் கரையில் பொட்டலங்களுக்குள் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு நாள் சத்தம் வந்தது.

பொத்.

ஒரு பொட்டலத்தில் இருந்த காய்கள் காம்பை விட்டு இலைக்குள்ளேயே உதிர்ந்திருந்தன. மரகதவல்லி ஓடிப்போய்ப் பிரித்தாள். வெளிறிப்போன பிஞ்சு. பிட்டுப் பார்த்தாள். உள்ளே பூச்சி இல்லை. சாறும் இல்லை. பஞ்சு மாதிரி ஒரு சக்கை.

பொத். பொத். பொத்.

"ஐயோ! மூக்காயி கண்ணு பட்டுடுச்சு!" என்று அலறினாள். சடையனை நிற்க வைத்து மரத்துக்குத் திருஷ்டி சுற்றிப் போடச் சொன்னாள். அவன் சுற்றினான். அவனுக்குத் தலைதான் சுற்றியது. காய்கள் விழுவது நிற்கவில்லை.

கடைசியில் மரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தவை ஒரு கைப்பிடி பச்சைக் காய்கள்தான். அன்றைக்கென்று பார்த்து மைனா கத்திக்கொண்டு வந்தது.

"வந்துட்டாங்க! ஓடைத் திருப்பத்துல வர்றாங்க!"

மரகதவல்லி ஒரு கணம் விழித்தாள். அடுத்த கணம் கரையில் குதித்துக் கை நிறையச் செம்மண் சேற்றை அள்ளினாள். மிச்சமிருந்த காய்களின் இலையைப் பிரித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் பூசினாள். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் பழம்!

"இது வேண்டாம் வல்லி" என்றான் சடையன்.

"நீங்க பேசாம சிரிச்ச முகமா நில்லுங்க, போதும்!"

மலைக் கூட்டம் வந்தது. முன்னால் பேராயி. அகன்ற முதுகு, நிதானமான நடை. பின்னால் அவள் மகன் செவலை, வெட்கத்தில் வாலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான்.

"வாங்க சம்பந்தியம்மா! நம்ம மரம் பூட்டன் காலத்து மரம். பூச்சி பொட்டுன்னு பேச்சுக்கே இடமில்லே. அவ்வளவு சுத்தம்!"

"பூச்சி இல்லியா?" பேராயி புருவத்தைத் தூக்கினாள். "சரி, வழக்கப்படி ஆகட்டும். பழத்தைப் பறிங்க."

மரகதவல்லி இருந்ததில் சிவப்பான ஒன்றைப் பறித்து நீட்டினாள்.

"முதல்ல கழுவிடுவோம்" என்று பேராயி அதை வாங்கி ஆற்றில் முக்கினாள்.

தண்ணீர் சிவந்தது. பழம் பச்சையானது.

மலைக் கூட்டத்தில் ஒரு கிழக் குரங்கு, "அட! கழுவக் கழுவ இளமை திரும்புதே!" என்றது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செவலை மட்டும் சிரிக்கவில்லை. அவன் சிட்டுவின் கண்ணில் நீர் முட்டுவதைப் பார்த்தான்.

பேராயி காயைக் கீழே போட்டாள். "பழம் இல்லேன்னா சம்பந்தம் இல்லே. புறப்படுங்கடா."

"இருங்க!" என்று சிட்டு முன்னால் வந்தாள். "அந்தக் கரையில பழம் இருக்கு. நான் கேட்டு வாங்கிட்டு வர்றேன்."

அம்மா கையைப் பிடிக்கும் முன் அவள் பாறைக்குப் பாறை தாவிப் போய்விட்டாள். மூக்காயியின் குரல் ஆறு முழுக்கக் கேட்டது.

"பழத்துக்கென்னடி கண்ணு, உனக்கில்லாத பழமா! ஆனா பிட்டுத் தின்ன வேண்டியவ உங்கம்மாதானே? வரச் சொல்லு. எச்சத்து மரம்னு தள்ளிப்புடாம, ஏறி வந்து உக்காந்து தின்னச் சொல்லு!"

எல்லோரும் மரகதவல்லியைப் பார்த்தார்கள். அவள் மகளைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஆற்றைத் தாண்டினாள். மலைக் கூட்டம் பின்னாலேயே வந்தது.

மூக்காயி நன்றாகக் கனிந்த பழம் ஒன்றைப் பறித்துக் கொடுத்தாள். பேராயி அதைக் கழுவினாள். சிவப்பு அப்படியே இருந்தது. மரகதவல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு பிட்டாள்.

உள்ளேயிருந்து சின்னஞ்சிறு குளவிகள் புகை மாதிரி கிளம்பின. ஒன்று நேராகப் போய் பேராயியின் மூக்கில் உட்கார்ந்தது.

மரகதவல்லி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

பேராயி, "பூ" என்று ஊதினாள். "இதுதான் அத்தி! நாங்க கழுவுறது மண்ணுக்காக, பூச்சிக்காக இல்லே. ஒரு வருஷம் எங்க மலையில தீப்பிடிச்சு, புகையில இந்தக் குளவியெல்லாம் ஓடிப்போச்சு. அந்த வருஷம் ஒரு காய் பழுக்கலே. இதுங்க பிஞ்சுக்குள்ளே போனாத்தான் காய்க்கு உயிர். அது தெரியாத வீட்டுலதான் பொண்ணு எடுக்கணும்னு இருக்கு போல! ம்... தின்னுங்க, பார்ப்போம்!"

மரகதவல்லி ஒரு வாய் கடித்தாள். மென்றாள். முகம் மாறியது. வழக்கம் ஒரு வாய்தான். அவள் இன்னொரு வாய் கடித்தாள்.

"அம்மா! எங்களுக்கு மிச்சம் வை!" என்றாள் சிட்டு.

மிச்சத்தைச் சிட்டுவும் செவலையும் ஆளுக்குப் பாதி தின்றார்கள். நிச்சயம் முடிந்தது. மைனா தன் பங்குக்கு ஒரு பழத்தைத் தூக்கிக்கொண்டு பறந்தது.

மரகதவல்லி வாயைத் துடைத்துக்கொண்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு சம்பந்தியம்மாள் பக்கம் சாய்ந்து சொன்னாள்:

"பழம் பரவாயில்லே. பூச்சிதான் கொஞ்சம் மட்டம். அடுத்த வருஷம் வந்து பாருங்க சம்பந்தியம்மா, எங்க மரத்துல இதைவிட உசத்தியான பூச்சியா வரும்! எல்லாம் பூட்டன் காலத்துப் பூச்சி!"

சடையனுக்கு மறுபடியும் இருமல் வந்தது.

அசிங்கம் என்று நாம் வாசலிலேயே விரட்டி அடிப்பவர்களின் தயவில்தான் பல நேரம் நம் வீட்டு மரம் பழுக்கிறது.