தையல் வெளியே தெரிந்த சட்டை

ராஜாக்களுக்குப் பஞ்சமே இல்லாத காலம் ஒன்று இருந்தது. நாலு காதத்துக்கு ஒரு ராஜா, ஆளுக்கு ஒரு கொடி, ஆளுக்கு ஒரு பிடிவாதம். அவர்களில் ஒருவர் கதையைத்தான் சொல்லப் போகிறேன். சின்னவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். பெரியவர்கள் இருந்த இடத்திலிருந்தே கேட்கலாம். உங்களுக்கும் இதில் கொஞ்சம் சேர வேண்டியது இருக்கிறது.

வேங்கைநல்லூர் ராஜா உதயகேதுவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ராஜாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "என் மகன் எந்த நேரமும் சரிகையில்தான் இருக்க வேண்டும். பழந்துணி அவன் மேல் படக் கூடாது" என்று உத்தரவு போட்டார்.

அரண்மனைத் தலைமைத் தையற்காரர் அம்பலவாணர் நாளைக்கு மூன்று சட்டை தைத்தார். காலையில் சிவப்புப் பட்டு, மதியம் பச்சைப் பட்டு, மாலையில் மஞ்சள் பட்டு. நெஞ்சில் சரிகையால் ஒரு மயில், கழுத்தைச் சுற்றி முத்து, முதுகில் முடிச்சுப் போடத் தங்கக் கயிறு. விளையாடுவதற்கு ஒரு யானைப் பொம்மையும் செய்து கொடுத்தார். அதன் கண்ணுக்குச் சிவப்புக் கல், தந்தத்துக்கு வெள்ளிக் கம்பி. தினமும் காலையில் குழந்தையைச் சபைக்கு எடுத்து வருவார்கள். ராஜா மயிலைப் பார்ப்பார், முத்தைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார்.

எல்லாம் சரிதான். ஆனால் குழந்தை அழுதது. அழுகிற நேரத்தில் பால் குடிக்க முடியாது, பால் குடிக்காத குழந்தை தேறாது. மூன்றாம் மாதத்தில் மணிக்கட்டு சுண்டுவிரல் பருமனுக்கு வந்துவிட்டது.

வைத்தியர் வந்தார். வயிற்றில் வாயு என்றார், ஓமத் தண்ணீர் கொடுத்தார். சோதிடர் வந்தார். சனி பார்க்கிறான் என்றார், எள் விளக்கு ஏற்றச் சொன்னார். மந்திரவாதி வந்தார். கண் பட்டிருக்கிறது என்றார், எலுமிச்சம்பழத்தைச் சுற்றிப் போட்டார். குழந்தை ஓமத் தண்ணீரைக் குடித்துவிட்டு அழுதது, எள் விளக்கைப் பார்த்துக்கொண்டு அழுதது, எலுமிச்சம்பழத்துக்கும் அழுதது.

பெரிய மனிதர்கள் மூவரும் சொன்னது பலிக்காவிட்டால் பழி யார் தலையில் விழும்? செவிலித்தாய் தலையில்தான். பால் சரியில்லை என்று முதல் செவிலியை நாட்டு எல்லைக்கு அப்பால் அனுப்பினார்கள். கை சரியில்லை என்று இரண்டாமவளை அனுப்பினார்கள். மூன்றாமவளை அனுப்பக் காரணம்கூடச் சொல்லவில்லை.

நான்காவதாக வந்தவள் சிலம்பாயி. உப்பளத்துக்காரி, இடுப்பில் ஐந்து மாதத்துப் பெண் குழந்தை. "மூன்று நாள் தருகிறேன். அழுகை நிற்காவிட்டால் நீயும் உன் குழந்தையும் இந்த நாட்டில் இருக்க முடியாது" என்றார் ராஜா. அவள் புருஷன், வீடு, உறவு எல்லாம் இந்த நாட்டில்தான் இருந்தது.

முதல் நாள் அவள் ஒன்றுமே செய்யவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். காலை நீட்டி, குழந்தையைக் கால்மேல் கிடத்தி எண்ணெய் தேய்த்தபோது அது சிரித்தது. வெந்நீர் ஊற்றியபோது கையைத் தட்டியது. முந்தானையால் துடைத்தபோது அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது. பச்சைப் பட்டுச் சட்டையை மாட்டியவுடன் வில்லாக வளைந்து வீறிட்டது.

சிலம்பாயி சட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். வெளியே மயில் இருந்த இடத்தில் உள்ளே சரிகையின் வெட்டு நுனிகளும் முடிச்சுகளும் குத்தின. தையல் ஓரமெல்லாம் கயிறு போலத் தடித்துக் கிடந்தது. சட்டையைக் கழற்றினால், குழந்தையின் நெஞ்சில் சிவப்பாக ஒரு மயில். அதன் தோகைகூடத் தெரிந்தது.

முன்னால் இருந்த மூன்று செவிலிகளுக்கும் இது தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் சட்டையைக் குறை சொன்னால் தையற்காரரைக் குறை சொன்னதாகும். தையற்காரரைக் குறை சொன்னால் ராஜாவைக் குறை சொன்னதாகும். அதனால் வாயை மூடிக்கொண்டு போய்விட்டார்கள். நான் அவர்களை ஏச மாட்டேன். அந்த இடத்தில் எனக்கும் வாய் திறந்திருக்காது.

இரண்டாம் நாள் சிலம்பாயி ராணி கோமளாங்கியிடம் போனாள். "தாயே, உங்க பழைய சேலை ஒண்ணு வேணும். எத்தனை பழசோ அத்தனை நல்லது" என்றாள்.

"பழந்துணி படக் கூடாது என்று அவருடைய உத்தரவு இருக்கிறதே" என்றாள் ராணி.

சிலம்பாயி குழந்தையின் சட்டையை விலக்கிக் காட்டினாள். ராணி வெகுநேரம் அந்தச் சிவப்பு மயிலைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், கன்னிப் பெண்ணாக இருந்தபோது கட்டிய நூல் சேலையைத் தானே எடுத்து வந்து கொடுத்தாள். நூறு தடவை துவைத்துத் துவைத்து அது வெண்ணெயாக இருந்தது.

சிலம்பாயி தைக்க உட்கார்ந்தாள். சட்டைக்குக் கை வைக்கவில்லை. முதுகில் முடிச்சு வைக்கவில்லை, படுத்தால் அழுத்தும் என்று பக்கவாட்டில் இரண்டு நாடா வைத்தாள். தையல் தடிப்பையெல்லாம் வெளிப்பக்கம் தெரியும்படி மடித்துத் தைத்தாள்.

"ஏன் சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி தைக்கிறாய்?" என்று ராணி கேட்டாள்.

"எங்க பக்கத்துல பிள்ளைகளுக்கு இப்படித்தான் தாயே. தடிப்பு ஏதாவது ஒரு பக்கம் இருந்துதானே ஆகணும்? வெளியே இருந்தா பார்க்கிறவங்களுக்கு நல்லா இருக்காது, அவ்வளவுதான். உள்ளே இருந்தா பிள்ளைக்கு நோகும்."

மிஞ்சிய துணியில் இலவம்பஞ்சை அடைத்து ஒரு கிளி செய்தாள். மூக்குக்கு ஒரு துணி முடிச்சு, கண்ணுக்குக் கறுப்பு நூலில் இரண்டு தையல். கிளி என்று அவள் சொன்னதால்தான் அது கிளி. குழந்தைக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. புதுச் சட்டையில் கிடந்து, கிளியின் மூக்கைச் சப்பி, பிறகு பாலைக் குடித்து, அசந்து தூங்கியது. திடீரென்று சத்தம் நின்றுவிட்டதால் காவற்காரர்கள் பயந்துபோய் ஓடி வந்தார்கள்.

மூன்றாம் நாள் சபை கூடியது. பக்கத்து நாட்டுத் தூதர் வேறு வந்து உட்கார்ந்திருந்தார். குழந்தையை எடுத்து வந்தார்கள். பழைய சேலைத்துணி, வெளியே பிதுங்கிய தையல், வாயில் எச்சில் நனைந்த துணிக்கிளி. தூதர் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். ராஜாவின் முகம் கறுத்தது.

"அழுகையை நிறுத்தச் சொன்னேன். என் மகனைப் பிச்சைக்காரப் பிள்ளையாக்கச் சொல்லவில்லை. பொழுது உச்சிக்கு வருவதற்குள் இவள் எல்லையைத் தாண்டிவிட வேண்டும். குழந்தைக்குப் பட்டுச் சட்டையைப் போடுங்கள்."

சிலம்பாயி தன் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். ஆனால் நகரவில்லை.

"போகச் சொன்னா போறேன், மகாராசா. போறதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். இளவரசருக்குப் பேர் சூட்டுற ஊர்வலத்துக்குன்னு உங்களுக்கும் இதே மாதிரி மயில் சட்டை தைச்சிருக்காங்களாம். அதை உள்சட்டை இல்லாம வெறும் மேல்ல போட்டுக்கிட்டு, ஒரு நாழிகை மல்லாந்து படுங்க. சொறியக் கூடாது, பேசக் கூடாது. இளவரசருக்கு அது ரெண்டும் வராது, அதனால சொல்றேன்."

மந்திரிகள் தலை குனிந்துகொண்டார்கள். தூதர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முன்னால் முடியாது என்று சொல்ல ராஜாவுக்கு வெட்கமாக இருந்தது. சட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் போட்டுக்கொண்டு, சபை நடுவே ஜமக்காளத்தில் படுத்தார்.

முதலில் புன்னகை செய்தார். பிறகு ஒரு தோளை அசைத்தார். பிறகு மறு தோளை அசைத்தார். நெற்றி வியர்த்தது. கால் கட்டைவிரல் இரண்டும் மடங்கின. கால் நாழிகை ஆவதற்குள் அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூன்று மாதமாக அந்த அரண்மனை கேட்டுச் சலித்த சத்தம் அது.

எழுந்து உட்கார்ந்து சட்டையைப் பிடுங்கி எறிந்தார். அவர் நெஞ்சில் பெரிய மயில் சிவந்திருந்தது. மகனின் சட்டை நாடாவைத் தானே அவிழ்த்துப் பார்த்தார். அங்கே சின்ன மயில், பாதி மறைந்து, பாதி மறையாமல் இருந்தது.

எறிந்த சட்டையை எடுத்து உள்பக்கத்தைத் திருப்பினார். அவர் வாழ்நாளில் ஒரு சட்டையின் உள்பக்கத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அம்பலவாணரே, இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்றார்.

"மயில் நன்றாக இருக்கிறதா என்றுதான் மகாராஜா தினமும் பார்த்தீர்கள். நானும் மயிலைத்தான் பார்த்தேன்" என்றார் அம்பலவாணர். பாவம், அவர் பொய் சொல்லவில்லை.

ராஜாவின் கண்ணில் நீர் வந்தது. தன் ஆசையே மூன்று மாதமாகத் தன் பிள்ளையைக் குத்திக்கொண்டிருந்தது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"நீ போக வேண்டாம், அம்மா. என்ன வேண்டுமோ கேள்" என்று சிலம்பாயியிடம் சொன்னார்.

"எனக்கு முந்தி இருந்த மூணு பேரும் ஒரு தப்பும் பண்ணலை, மகாராசா. அவங்களைத் திரும்பக் கூப்பிடுங்க. போதும்."

அன்றைக்கே மூன்று பல்லக்குகள் எல்லைக்குப் போயின. குழந்தையின் அடுத்த சட்டையை ராணியே தைத்தாள். அதில் ஒரு நாடா நீளம், ஒரு நாடா குட்டை. பெயர் சூட்டிய நாளில் இளவரசன் அதைத்தான் போட்டுக்கொண்டு ஊர்வலம் போனான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். ராஜா அதைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் நடந்தார். ஒரு மாதத்தில் மந்திரிகளும் தங்கள் சட்டைகளைத் தையல் வெளியே தெரியும்படி தைத்துப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள் என்பது வேறு விஷயம். அவர்களைத் திருத்த என் கதையால் ஆகாது.

இளவரசன் மட்டும் கொழுகொழுவென்று வளர்ந்தான், எங்கே எது குத்தினாலும் வாய் திறந்து சொல்லக் கற்றுக்கொண்டான்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: பிள்ளைக்கு ஒன்றைச் செய்து கொடுக்கிறவர், அது ஊரார் கண்ணுக்கு எப்படி இருக்கும் என்று பார்க்காமல், பிள்ளையின் உடம்புக்கு எப்படி இருக்கும் என்று பார்த்துச் செய்ய வேண்டும்.