ஜமீனும் அழுக்குப் பஞ்சும்

முன்பு ஒரு சமயம், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சலூன் இருந்தது. நடத்தியவர் பெயர் தவசி. முடி வெட்ட வருகிறவர்களைவிட மீன் பார்க்க வருகிறவர்கள்தான் அங்கே அதிகம் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் வயிற்றெரிச்சலோடு சொல்வார்கள்.

அந்த மீனும் லேசுப்பட்டதில்லை. ஒரு கையில் அடங்காத பெரிய ஆஸ்கர் மீன். கறுத்த உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகள். யார் உள்ளே நுழைந்தாலும் கண்ணாடி ஓரம் வந்து, முகத்தை நிமிர்த்தி, "எந்த ஊரப்பா நீ?" என்று விசாரிப்பது போல் பார்க்கும். அதனால் எல்லோரும் அதற்கு ஜமீன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாப்பாடும் ஜமீன் சாப்பாடுதான். தின்கிற அளவுக்குக் கழிவும் வேண்டுமல்லவா? அதற்கும் குறைவில்லை.

தொட்டியின் மூலையில் ஒரு பஞ்சு இருந்தது. மோட்டார் தண்ணீரை இழுத்து அதன் வழியாகத்தான் அனுப்பும். வாங்கும்போது வெள்ளையாக இருந்த பஞ்சு இப்போது பழுப்பேறி, வழவழவென்று, பார்க்கச் சகிக்காமல் கிடந்தது. ஆனால் அதன் துளைகளுக்குள் ஒரு ஊரே குடியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உயிர்கள். மீனின் கழிவு தண்ணீரில் கரைந்து விஷமாகும். அந்த விஷத்துக்கு நிறம் கிடையாது. அதைத்தான் அந்த உயிர்கள் ஓயாமல் தின்றுகொண்டிருந்தன. ஜமீன் உயிரோடு இருந்தது அவற்றால்தான். இது ஜமீனுக்கே தெரியாது.

எதிர் அலமாரியில் இருந்த கத்தரிக்கோலுக்குப் பஞ்சைக் கண்டாலே ஆகாது.

"உன்னைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க வேலை செய்ய வேண்டியிருக்கிறது. என் தலையெழுத்து!" என்றது கத்தரிக்கோல். "ஒருவர் தலை முடிந்ததும் என்னைக் கழுவித் துடைத்து மருந்துத் தண்ணீரில் போடுகிறார்கள். நீ என்றைக்காவது குளித்திருக்கிறாயா?"

"குளித்தால் என்னிடம் இருக்கிறவர்கள் எங்கே போவார்கள்?" என்றது பஞ்சு.

"அழுக்குக்கு மரியாதை வேறு! இருக்கிறவர்களாம்!" என்று கத்தரிக்கோல் கிறீச்சென்று சிரித்தது.

ஆயுத பூஜை வந்தது. தவசிக்குச் சுத்தம் என்றால் உயிர். முந்தின நாளே கடையைக் கவிழ்த்துப் போட்டுக் கழுவினார். சீப்பு, கத்தி, மிஷின், நாற்காலி எல்லாம் பளபளவென்று ஆயின. அவர் மனைவி பாக்கியம் மீன்தொட்டி முன்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, இந்த மோட்டாரும் பஞ்சும் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? வருசம் பூரா ஓடுது. அதுவும் நம்ம கடை ஆயுதம்தான?"

"அட, ஆமால்ல!" என்றார் தவசி. "எனக்குத் தோணவே இல்ல பாரு."

அன்பாகத்தான் செய்தார்கள். ஜமீனைப் பெரிய டப்பில் விட்டுவிட்டு, தொட்டித் தண்ணீர் முழுவதையும் கொட்டினார்கள். கூழாங்கல்லைச் சுடுதண்ணீரில் தேய்த்தார்கள். பஞ்சைக் குழாயடியில் பிழிந்து, பிறகு சுடுதண்ணீரில் முக்கி, மறுபடி பிழிந்தார்கள்.

"வேண்டாம், வேண்டாம்!" என்று பஞ்சு அலறியது. பஞ்சின் குரல் எந்த மனிதர் காதில் விழுந்திருக்கிறது? அதன் துளைகளில் இருந்த ஊர், பழுப்புத் தண்ணீராக, சாக்கடையில் இறங்கிப் போயிற்று. பாக்கியம் பஞ்சை மொட்டை மாடியில் காயவைத்தாள். மறுநாள் அதற்கும் மோட்டாருக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, ஒரு நாள் முழுக்க ஓய்வும் கொடுத்தார்கள்.

பூஜை முடிந்து தொட்டியில் புதுத் தண்ணீர் நிரப்பியபோது, உள்ளே தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகமாக இருந்தது. அவ்வளவு தெளிவு. வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள்.

"இப்போதுதான் கண்கொண்டு பார்க்கிற மாதிரி இருக்கிறாய்" என்றது கத்தரிக்கோல்.

பஞ்சுக்கு ஊரையே பறிகொடுத்த துக்கம் ஒரு பக்கம். ஆனாலும் பிறந்ததிலிருந்து தன்னைப் பற்றிக் கேட்ட முதல் நல்ல வார்த்தை அதுதான். வெட்கமாக இருந்தாலும், கொஞ்சம் பிடிக்கவும் செய்தது.

அந்த வாரம் முடிவதற்குள் ஜமீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்தது. செவுள் சிவந்து போயிற்று. பிறகு கண்ணாடி ஓரத்துக்கு வருவதையும் விட்டுவிட்டு, அடியில் ஒருக்களித்துக் கிடந்தது.

தவசி பதறிப் போனார். "தண்ணி பளிங்கு மாதிரி இருக்கே, இதுக்கு என்ன வந்துச்சு? எங்கயோ அழுக்கு தங்கிருச்சு போல. எடு அந்த டப்ப! எல்லாத்தையும் இன்னொரு தரம் சுடுதண்ணியில போட்டுருவோம்."

பாக்கியம் அவர் கையைப் பிடித்தாள். "இருங்க. கழுவின பிறகுதான இப்படி ஆச்சு? மீன் வாங்கின கடையில ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

மீன்கடைச் சேவியர் போனில் எடுத்த எடுப்பில் ஒரே கேள்விதான் கேட்டார். "பஞ்ச என்னம்மா பண்ணுனீங்க?"

"நல்லா சுடுதண்ணியில கழுவிக் காயப்போட்டோம்ணே. பூசைக்கு."

சேவியர் பெருமூச்சு விட்டார். "அது வெறும் அழுக்கு இல்ல தங்கச்சி. மீனோட விஷத்தத் திங்கிற சீவன் பூரா அதுலதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. இப்ப திங்க ஆளில்லாம விஷம் அப்படியே நிக்குது. பெரிய மீன் வேற. இனிமே அந்தச் சீவன் திரும்ப உண்டாகணும். அதுவரைக்கும் தெனம் கொஞ்சம் தண்ணிய எடுத்துட்டு வேற ஊத்துங்க. குழாய்த் தண்ணிய நேரா ஊத்தாதீங்க, அதுல கலக்குற மருந்து வாடை போக ஒரு நாள் பிடிச்சு வச்சு ஊத்துங்க. சாப்பாடு போடாதீங்க. தயவுசெஞ்சு பஞ்சத் தொடாதீங்க."

"பிழைச்சுக்குமாண்ணே?"

"சொல்ல முடியாதும்மா. விடாமப் பாருங்க."

தவசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கும்பிடத்தான பாக்கியம் கழுவினேன்" என்றார். பாக்கியம் வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். சிறிது நேரத்தில் தவசியும் எழுந்து இன்னொரு வாளியை எடுத்தார்.

தொட்டிக்குள் பஞ்சு ஜமீனைப் பார்த்தபடி இருந்தது. "நான் வெறும் பஞ்சாகிவிட்டேன். என்னிடம் யாருமே இல்லை" என்றது.

"யார் சொன்னது?" என்று ஒரு மெல்லிய குரல் கேட்டது. பஞ்சின் நடுவே, சுடுதண்ணீரும் வெயிலும் முழுதாக எட்டாத ஒரு மடிப்பிலிருந்து வந்தது. "நாங்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம்."

பஞ்சு சிலிர்த்துப் போயிற்று. "நீங்கள் எத்தனை பேர்? இவ்வளவு பெரிய மீனுக்கு நீங்கள் போதுமா?"

"போதாது" என்றது அந்தக் குரல். "போதாது என்று சும்மா இருக்க முடியுமா? நீ இடம் கொடு, எங்களைப் பிடித்துக்கொள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

"தண்ணீரை நான் கொண்டுவந்து தருகிறேன்" என்றது மோட்டார். "கரண்ட் இருக்கிற வரைக்கும் என்னை நிறுத்த ஒருவனாலும் முடியாது."

அடியில் கிடந்த ஜமீன் ஒரு கண்ணைத் திருப்பிப் பார்த்தது. தொட்டியின் மூலையில் இத்தனை பேர் தனக்காகப் பாடுபடுகிறார்கள் என்பது அதற்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் ஒரு வாடிக்கையாளர், மீன் மெலிந்திருக்கிறதே என்று இரக்கப்பட்டு, யாரும் பார்க்காதபோது ஒரு பிஸ்கட் துண்டைப் போட்டார். அது ஜமீனின் வாய்க்கு நேரே மிதந்து வந்தது. ஜமீன் வாயை இறுக மூடிக்கொண்டது.

"சாப்பிடேன்" என்றது பஞ்சு. "பாவம், உனக்குப் பசிக்கும்."

"பசி உயிர் போகிறது" என்றது ஜமீன். "ஆனால் நான் தின்றால் அது உங்கள் தலையில்தான் விழும். நீங்கள் ஆள் சேர்கிற வரைக்கும் நான் தாங்குகிறேன்."

தின்பதற்காகவே பிறந்த மீன் சொன்ன வார்த்தை இது. பிஸ்கட் துண்டைப் பாக்கியம் பார்த்து, திட்டிக்கொண்டே எடுத்து வெளியே போட்டாள்.

தினமும் வாளி வந்தது. கொஞ்சம் தண்ணீர் போயிற்று, கொஞ்சம் தண்ணீர் வந்தது. மோட்டார் நிற்கவில்லை. பஞ்சின் மடிப்பில் இருந்தவர்கள் தின்றார்கள், பெருகினார்கள், பக்கத்துத் துளைக்குக் குடிபோனார்கள். ஒரு நாள் ஜமீன் இன்னும் மோசமாகிவிட்டது போல் தெரிந்தது. அன்றைக்குத் தவசி கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு இரண்டு தரம் தண்ணீர் மாற்றினார்.

ஒரு காலை, கத்தரிக்கோல் எதிர் அலமாரியிலிருந்து முகம் சுளித்தது. "ஐயையோ, உன் ஓரமெல்லாம் மறுபடி பழுப்பேறுகிறதே!"

"நிஜமாகவா?" என்றது பஞ்சு. "நன்றாகப் பார்த்துச் சொல். நிஜமாகவா?"

அந்த வாரமே ஜமீன் நிமிர்ந்து நீந்தி, கண்ணாடி ஓரம் வந்து, முதலில் வந்த வாடிக்கையாளரை ஊர் விசாரித்தது. தவசி ஒரே ஒரு உருண்டை தீனி போட்டார். அது போன வேகத்தைப் பார்த்துப் பாக்கியம் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. கத்தரிக்கோலும் சீப்பும் கத்தியும் குளித்து முடித்து, பொட்டு வைத்துக்கொண்டு வாழையிலையில் ஓய்வாகப் படுத்திருந்தன. தவசி சந்தனக் கிண்ணத்தோடு மீன்தொட்டிக்கு வந்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை நிறுத்தவில்லை. பஞ்சு இருந்த மூலைக்கு நேராக, கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வாழையிலையில் கிடந்த கத்தரிக்கோலுக்கு மனசு கேட்கவில்லை. "நல்ல நாளும் அதுவுமாக இந்தக் கோலத்திலா இருப்பாய்? ஒரு தரம் வெள்ளையாக எவ்வளவு அழகாக இருந்தாய்!" என்றது.

பஞ்சு பதில் சொல்லும் முன், ஜமீன் விருட்டென்று நீந்தி வந்து அதற்கு முன்னால் நின்றது.

"அது வெள்ளையாக இருந்தபோதுதான் நான் சாகக் கிடந்தேன்" என்றது.