பூவாத்தாள் உடைத்த சுவர்

மலைக்காட்டில் ஓர் ஓடைக்கரையில், நெடுநெடுவென வளர்ந்த மரத்தின் பொந்துக்குள் பூவாத்தாள் என்ற இருவாச்சிப் பறவை முட்டையோடு அடைந்து கிடந்தாள்.

இருவாச்சிகளின் வழக்கம் அது. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை பொந்துக்குள் போய், மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் இருக்கும். உள்ளே போனபின் சிறகின் பெரிய இறகுகள் உதிர்ந்துவிடும். புதிது முளைக்கும்வரை பறக்க முடியாது. கணவன் பழம் கொண்டுவந்து கீறல் வழியாக ஊட்டினால்தான் தாய்க்கும் குஞ்சுக்கும் உயிர்.

அந்த வருஷம் பூவாத்தாளுக்கு உள்ளே போகவே மனமில்லை. முந்தின வருஷம் சூறைக்காற்றில் அவள் கூடு வைத்திருந்த மரமே முறிந்து விழுந்து, முட்டை பாறையில் சிதறிப்போனது. அன்று அவள் ஆண்டவனைக் கூப்பிட்ட கூப்பாட்டுக்கு அளவில்லை. காற்று நிற்கவில்லை. அந்த வலி நெஞ்சிலேயே தங்கிவிட்டது.

அவள் கணவன் மலையாண்டி பொறுமைசாலி. பொந்தின் வாசலில் உட்கார்ந்து அவளைத் தேற்றினான்.

“பழத்த நான் கொண்டாரேன். ஆனா அதக் காய்க்க வைக்கிறது நானில்ல, பூவு. காய்க்க வைக்கிறவன் நம்மளையும் பாத்துக்கிட்டுதான் இருக்கான். அவன நம்பி உள்ள போ.”

அரை மனதோடு போனாள். குஞ்சு பொரிந்தது. இறகு முளைக்காத, கண் திறக்காத அந்தச் சதைத்துணுக்கு அவள் வயிற்றுக்கடியில் முண்டியபோது, பழைய வலிகூடக் கொஞ்சம் மறந்தது. மலையாண்டி காலையும் மாலையும் அத்திப்பழங்களோடு வந்தான். அவன் சிறகடிக்கும் ஓசை பள்ளத்தாக்கைத் தாண்டும்போதே குஞ்சு வாயைத் திறந்துகொள்ளும்.

அப்படி இருக்கும்போதுதான் கோடைமழை பிடித்தது. காற்றும் இடியுமாகக் காடு கலங்கியது. அன்று மலையாண்டி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் மழை கொஞ்சம் விட்டது. அப்போதும் சிறகோசை கேட்கவில்லை.

குஞ்சு முதலில் கத்தியது. பிறகு முனகியது. பிறகு முனகவும் தெம்பில்லாமல் கிடந்தது. பூவாத்தாள் ஆண்டவனைக் கூப்பிட்டாள். பதிலுக்கு இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தந்தான் வந்தது. போன வருஷமும் இப்படித்தானே என்று நினைத்தாள். அதோடு கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஓர் உடும்பு மரத்தில் ஏறி வந்தது. குஞ்சின் வாடை அதை இழுத்திருந்தது. ஆனால் காய்ந்து இறுகிய சுவரை அதன் நகத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதனால் கீறலுக்கு வெளியே படுத்துக்கொண்டு பரிவாகப் பேச ஆரம்பித்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் கிளைகள் ஒடிந்து கிடப்பதையும், அங்கே இருவாச்சி இறகு ஒன்று சேற்றில் கிடந்ததையும் சொன்னது. இறகு கிடந்தது உண்மைதான். மீதியை அவள் மனமே கற்பனை செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டது.

பூவாத்தாள் விம்மினாள். உடும்பு குரலைத் தணித்துக்கொண்டது.

“யார நம்பி இன்னும் உக்காந்திருக்க, தங்கச்சி? இந்த மரத்தடியிலேயே காத்துல உதிர்ந்த பழம் கிடக்கு. இறங்கி ரெண்டு கவ்விக்கிட்டு வந்துரு. பிள்ள பொழைச்சுக்கும்.”

“என்னால பறக்க முடியாதே அண்ணே.”

“கொடியப் புடிச்சு இறங்கு. நான் இங்க காவலுக்கு இருக்கேன்.”

உடும்பு எப்பேர்ப்பட்ட பிராணி என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் நம்ப வேண்டியவனை நம்பாமல் போன மனம், பக்கத்தில் யார் பேசினாலும் நம்பத் தயாராக இருந்தது. தன் அலகாலேயே சுவரைக் கொத்தினாள். மண் பெயர்ந்து விழ விழ, குஞ்சு வெளிச்சத்துக்குக் கூசி அவள் பக்கம் நகர்ந்தது. அதை ஒருதரம் அலகால் தடவிவிட்டு வெளியே வந்தாள்.

பறக்க முடியாமல், கொடியிலும் கிளையிலும் மோதி மோதித் தரைக்கு வந்து சேர்ந்தாள். சருகைக் கிளறினாள். பழம் ஒன்றுகூட இல்லை. மேலே நகம் பட்டை மேல் உரசும் சத்தம் கேட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கத்திக்கொண்டே கொடியில் தொற்றினாள். ஏறினாள், வழுக்கினாள், மறுபடி ஏறினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது பொந்து காலியாக இருந்தது.

எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தாளோ. பள்ளத்தாக்குப் பக்கமிருந்து சிறகோசை வந்தது. இரண்டு இளவட்ட இருவாச்சிகள் தொண்டை நிறைய அத்திப்பழத்தோடு வந்து கிளையில் அமர்ந்தன. உடைந்த சுவரைப் பார்த்ததும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மலையாண்டியின் சிறகில் கிளை முறிந்து விழுந்ததாம். ஓடைக்கு அந்தப்புறம் வெகுதொலைவில் கிடந்தபடியே குரல் கம்மும்வரை கூப்பிட்டானாம். அதைக் கேட்டு இவர்கள் போனபோது, தனக்கு ஒன்றும் வேண்டாம், கூட்டுக்குப் பழம் கொண்டுபோங்கள் என்று வழி சொல்லி அனுப்பினானாம். நேற்றே கிளம்பியவர்களைக் காற்று திருப்பி அடித்துவிட்டது. இன்று விடிந்ததும் மறுபடி புறப்பட்டிருக்கிறார்கள்.

“சுவர மட்டும் திறந்துர வேண்டாம்னு சொல்லச் சொன்னாருங்க அக்கா,” என்றது இளையது. சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று அதற்குப் பட்டது. பழங்களைப் பொந்தின் விளிம்பில் வைத்துவிட்டு அவை தலைகுனிந்து நின்றன. வாங்கித் தின்ன வாய்தான் அங்கே இல்லை.

காயம் ஆறியதும் மலையாண்டி கிளை கிளையாகத் தத்தி வந்து சேர்ந்தான். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்தவன் உடைந்த சுவரின் துண்டுகளைப் பொந்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டான். அவளால் அதைத் தாங்க முடியவில்லை.

“ஒரு வார்த்த என்னத் திட்டுங்களேன்.”

“என்னனு திட்ட? அங்க கிடந்தப்ப நானும் ஆண்டவன் மேல கோவப்பட்டேன், பூவு. யாருமே வரலையேன்னு. எனக்கும் உனக்கும் ஒரே வித்தியாசம்தான். என் காதுல பேச ஒரு உடும்பு வரல.”

அவள் அவன் தோளில் முகம் புதைத்து அழுதாள்.

அடுத்த வருஷம் பூவாத்தாள் மறுபடியும் பொந்துக்குள் போனாள். அப்போதும் மழை வந்தது. அப்போதும் பழம் வரத் தாமதமானது. அவளுக்குப் பயமில்லாமல் இல்லை. “நீ எங்க இருக்கன்னு எனக்குத் தெரியல, சாமி. ஆனாலும் இந்தச் சுவர நான் தொடமாட்டேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குஞ்சை அணைத்துக்கொண்டு கிடந்தாள். பசியோடு கிடந்தார்கள், ஆனால் பிழைத்தார்கள். அந்தக் குஞ்சு வளர்ந்து முதன்முதலாகப் பள்ளத்தாக்கின் மேல் பறந்தபோது காட்டிலிருந்த இருவாச்சிகளெல்லாம் கூவிக் கொண்டாடின. பூவாத்தாளும் கூவினாள். ஆனால் அதன் பக்கத்தில் இன்னொரு பிள்ளையும் பறந்திருக்க வேண்டும் என்பதை அவளும் மலையாண்டியும் மறக்கவில்லை.

துன்பத்தில் ஆண்டவன் பேசாதிருப்பதுபோல் தோன்றினாலும் அவன் அனுப்பிய உதவி வழியில் வந்துகொண்டே இருக்கலாம் என்பதால், அது வந்து சேரும்வரை நம்பிக்கையைக் கைவிடாதிருப்பதே பின்னால் அழுது புலம்புவதைவிட மேலானது.