கதவுக்கு வெளியே நின்ற நேரம்

குணபாலனுக்குப் பாடம் சொன்னவர் அவரைவிடப் பத்து வயது இளையவர். பெயர் ஜெசிந்தா. கடலோர அனல்மின் நிலையம் ஒன்றில் கொதிகலன்களைக் கட்டுப்படுத்தும் பொறியாளர்.

குணபாலன் கம்ப்யூட்டர்காரர். அவருக்குக் கொதிகலனோடு என்ன வேலை என்று கேட்கலாம். ஜெசிந்தாவிடம் அவர் ஒரே ஒரு வித்தையைத்தான் கற்றார். அளந்து பார்க்க வேண்டும். நினைத்த அளவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதற்கேற்ப வால்வைத் திருப்ப வேண்டும். மறுபடி அளக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த வித்தையை அவர் மாவட்ட ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் கம்ப்யூட்டருக்குப் பொருத்தினார். கூப்பிடுகிறவர் இருபது விநாடிக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. கம்ப்யூட்டர் அந்த நேரத்தை ஓயாமல் அளந்தது. இருபதைத் தாண்டப் பார்த்தால் கதவைக் கொஞ்சம் சாத்தும். புதிதாகக் கூப்பிடுகிற சிலருக்கு பிஸி டோன் போகும். நேரம் இறங்கினால் கதவு திறக்கும். மூன்று வருடமாகத் திரையில் கோடு இருபதிலேயே நின்றது. குணபாலனுக்குச் சால்வை போர்த்தினார்கள்.

போன மாதம் ஒரு மழைநாள் காலையில் முத்துக்கனி என்ற பெண்ணின் கணவருக்கு நெஞ்சு வலித்தது. அவள் இருபத்தாறு நிமிடத்தில் பதினேழு தடவை கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் பிஸி டோன்தான் கேட்டது. ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு இரண்டு பஸ் மாறி அழைப்பு மையத்துக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. போனை மேசைமேல் வைத்து, அதிலிருந்த பதினேழையும் காட்டினாள். ஏன் எடுக்கவில்லை என்று மட்டும் கேட்டாள்.

குணபாலன் அந்தக் காலைநேரத்துக் கோட்டை எடுத்துப் பார்த்தார். இருபது விநாடி. கொஞ்சம்கூட ஏறவில்லை. ‘தாமதம் எதுவும் இல்லை, டவர் கிடைக்காமல் இருந்திருக்கலாம்’ என்று அறிக்கை தயாரானது. திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைத் திறந்தார், மூடிவைத்தார்.

சனிக்கிழமை காலை அறிக்கையை எடுத்துக்கொண்டு ஜெசிந்தாவைப் பார்க்கப் புறப்பட்டார். வருவதாக முந்தின நாளே போனில் சொல்லி, நடந்ததையும் சொல்லியிருந்தார். எப்போதும் நேராக உள்ளே விடும் காவலாளி அன்று மின் நிலைய வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"உள்ள ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க சார். அதுக்கு மேல விடக் கூடாதுன்னு மேடம் உத்தரவு."

"என் பேரையாவது எழுதிக்கங்க."

"உள்ள போறவங்க பேரைத்தான் சார் எழுதணும்."

வெயிலில் நின்றார். இரண்டு பேர் வெளியே வந்தார்கள். முண்டியடித்து வேறு இரண்டு பேர் போனார்கள். ஜெசிந்தாவுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் அவர் முறை வந்தது. காவலாளி நோட்டில் நேரம் எழுதினார்: பத்து நாற்பது. உள்ளே உட்கார்ந்த நான்காவது நிமிடம் ஜெசிந்தா வந்துவிட்டார், கையில் அதே நோட்டு.

"ரொம்ப நேரம் காக்க வச்சிட்டேனா சார்?"

"ஒன்றரை மணி நேரம் மேடம்."

ஜெசிந்தா நோட்டைப் பார்த்தார். "நாலு நிமிஷம்னு இருக்கு."

"வெளிய நின்னது?"

"அது இதுல இல்லையே."

"இல்லைன்னா நான் நிக்கலைன்னு ஆயிடுமா?" குணபாலனுக்குக் கோபம் வந்துவிட்டது. "சட்டை நனைஞ்சிருக்கு பாருங்க."

"வழியில பஸ் லேட்டாயிருக்கும் சார்."

குணபாலன் கையிலிருந்த அறிக்கையைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

ஜெசிந்தா தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். குணபாலன் அதைத் தொடவில்லை.

"கதவு மூடறது தெரியும் மேடம். ஒரு தடவை பிஸி வந்தா மறுபடி போடுவாங்க, கிடைச்சிடும்னு நெனச்சேன். திரும்பிப் போனவங்களை எங்கயும் எழுதலை. திங்கட்கிழமையே மாத்திடறேன். அவங்களையும் சேத்து அளக்கச் சொல்லிடறேன்."

"சேத்தா கோடு எங்க போகும்?"

"ஏறும். மழைநாள்ல பத்து நிமிஷம், இருபது நிமிஷம்."

"ஏறினதும் எதைத் திருப்பி இறக்குவீங்க?"

"கதவை…" என்றவர் நிறுத்திக்கொண்டார். "கதவை மூடக் கூடாது."

"வேற என்ன இருக்கு திருப்பறதுக்கு?"

"போன் எடுக்கறது ஆறு பேர். அதைக் கூட்டற அதிகாரம் எனக்கு இல்லை மேடம்."

"மேல உள்ளவங்களுக்கு இருக்கா?"

"இருக்கு."

"ஆறு பேர் பத்தலைன்னு மூணு வருஷமா அவங்களுக்கு ஏன் தெரியலை?"

பதில் குணபாலனுக்குத் தெரிந்தது. அறிக்கையை மேசைமேல் வைத்தார்.

"கோடு நேரா இருந்துச்சு சார்," என்றார் ஜெசிந்தா. "நீங்க அவ்வளவு நல்லா செஞ்சிருந்தீங்க. நான் அவ்வளவு நல்லா சொல்லிக்குடுத்திருந்தேன். எங்க கொதிகலன்ல வேண்டாத தண்ணி குழாயோட திரும்பிப் போயிடும். அதுக்கு வீடு வாசல் கிடையாது. இதை நான் உங்ககிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

ஜெசிந்தாவின் குரல் மாறவில்லை. ஆனால் நோட்டின் ஓரத்தை விரல் மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தது.

"இதை அப்படியே எழுதினா என் வேலை போயிடும் மேடம்."

"போகும் சார்."

ஜெசிந்தா தண்ணீர் டம்ளரை நகர்த்தி, மேசையில் எழுத இடம் செய்துகொடுத்தார்.

குணபாலன் பேனாவை எடுத்தார். தாமதம் எதுவும் இல்லை என்ற வரியை அடித்தார். டவர் வரியையும் அடித்தார். அதற்கு மேலே பொடி எழுத்தில், பதினேழு அழைப்புகளும் வந்தன, பதினேழையும் எங்கள் கம்ப்யூட்டரே திருப்பி அனுப்பியது என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பினார்.

"மூணு வருஷம் மேடம். இந்த மாதிரி எத்தனை பேர் போயிருப்பாங்க?"

"தெரியாது சார். ரெண்டு பஸ் மாறி வந்து கேட்டது ஒருத்தர்."