பெயர்த்தெடுத்த சாளரம்

முன்னொரு காலத்தில், ஏழாம் மாடிச் சாளரத்தின் வழியாக மட்டுமே தன் நாட்டைப் பார்த்துவந்த அரசன் ஒருவன் இருந்தான். அங்கிருந்து பார்த்தால் பேரேரி எப்போதும் பளபளத்தது.

ஒருநாள் பூவாயி என்னும் உழவர்குடிப் பெண் சபைக்கு வந்தாள்.

"சாமி, ஏரியில சொட்டுத் தண்ணி இல்ல. ஊத்து தோண்டிக் கலங்கலக் குடிக்கிறோம். பச்சப் புள்ளைங்க சாகுதுங்க. மலை மதகத் தெறந்துவிடச் சொல்லுங்க."

அமைச்சர் கனகசபாபதி புன்னகைத்தார். "அரசே, இது இவளுடைய உலகப் பார்வை. தாழ்ந்த இடத்தில் வாழ்பவர்களுக்கு எல்லாம் குறையாகவே தெரியும். இதையே ஊரெங்கும் பரப்புகிறாள். நாடு கடத்துவதே நலம்."

தாகத்துக்கு இப்படியும் ஒரு பெயரா? ஓரத்தில் நின்ற விகடகவி வேலாண்டிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் மேல் பழைய பொறாமை கொண்ட அமைச்சர் அவன் முகம் சுளித்ததைக் கவனித்துவிட்டார்.

"விகடகவியிடம் ஒப்படையுங்கள், அரசே. தாங்கள் பார்ப்பதைப் போலவே இவளும் ஊராரும் நாளைக்குள் பார்க்க வேண்டும். தவறினால் அவரும் இவளோடு எல்லையைத் தாண்டட்டும்."

அரசனுக்கு அது வேடிக்கையாகப் பட்டது. "அப்படியே ஆகட்டும்!"

மறுநாள் அரசன் மாடியேறினான். சாளரம் இருந்த இடத்தில் பெரிய ஓட்டை! கொதித்துப்போய், அதை ஏற்றிச் சென்ற வண்டியின் தடத்தைப் பிடித்துக்கொண்டு அமைச்சரோடு ஏரிக்கு விரைந்தான். கரைமேல் சாளரம் நட்டுவைக்கப்பட்டிருந்தது. ஊரார் ஒவ்வொருவராக அதன் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேலாண்டி! என்ன துணிச்சல் உனக்கு!"

"ஆணையை நிறைவேற்றுகிறேன், அரசே. தாங்கள் எதன் வழியே பார்க்கிறீர்களோ, அதன் வழியேதான் இவர்களும் பார்க்கிறார்கள். ஆனாலும் தண்ணீர் தெரியவில்லையாம். சாளரத்தில் பழுதோ என்னவோ, தாங்களே பாருங்கள்."

அரசன் குனிந்து பார்த்தான். இத்தனை நாளும் பளபளத்தது உவர்மண். நடுவில் ஒரு கலங்கல் குழி. தொலைவில், மலை மதகை அடைத்துத் திருப்பிவிட்ட நீர் பாயும் அமைச்சரின் தோப்பு மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது.

பூவாயி குழியில் ஒரு குவளை மொண்டு அமைச்சரிடம் நீட்டினாள். "குடிங்க சாமி."

"குடியும்," என்றான் அரசன்.

ஒரு வாய் குடித்ததும் அமைச்சர் துப்பினார். "சேறு! இது வெறும் சேறு!"

"அது தங்களுடைய உலகப் பார்வை, ஐயா," என்றான் வேலாண்டி.

அரசன் வாய்விட்டுச் சிரித்தான். கரையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. அதைக் கண்டு அவன் சிரிப்பும் அடங்கியது. உடனே மதகைத் திறக்கச் சொல்லி, அமைச்சரின் பதவியைப் பறித்து, தன் முத்துமாலையைக் கழற்றி வேலாண்டியிடம் நீட்டினான்.

"மாலை வேண்டாம், அரசே. சாளரம் இங்கேயே இருக்கட்டும். நாட்டைப் பார்க்கத் தோன்றினால் தாங்கள் இறங்கி வாருங்கள்."